ஆர்.எஃப்.ஐ.டி. ரீடர் போர்டை சீரியல் கம்பியில் இணைத்தால் பதிலே வரவில்லை

அலைவரிசை (இழையைத் தொடங்கியவர்)

கதவருகே பொருத்தவிருக்கும், ரேடியோ அலையால் அட்டையைப் படிக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. ரீடருக்காக எம்.எஃப்.ஆர்.சி. 522 சிப் உள்ள சிறிய போர்டு ஒன்றை வைத்திருக்கிறேன். அதைக் கட்டுப்படுத்தும் ஆர்டுயினோ யூனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, ரீடரிலிருந்து ஏறத்தாழ ஆறு மீட்டர் தள்ளி ஒரு பெட்டிக்குள் இருக்கும். குறுந்தூரத்துக்கான எஸ்.பி.ஐ. இணைப்பை அவ்வளவு தூரம் இழுப்பது சரிவராது என்பதால், அதே சிப்பின் டேட்டாஷீட்டில் யூ.ஏ.ஆர்.டி. (சீரியல்) இடைமுகமும் இருப்பதைக் கண்டு அந்த வழியைத் தேர்ந்தெடுத்தேன். டேட்டாஷீட் சொல்கிறபடி எஸ்.டி.ஏ. என்று குறிக்கப்பட்ட பின்னை ஆர்.எக்ஸ். (பெறும் முனை) ஆகவும், மிசோ பின்னை டி.எக்ஸ். (அனுப்பும் முனை) ஆகவும் கொண்டு, 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில், சிப்பின் பதிப்பு எண்ணை வைத்திருக்கும் பதிப்பு ரெஜிஸ்டரைப் படிக்கும் கட்டளையை அனுப்பினேன். ஒரு பைட்டுகூடத் திரும்பவில்லை.

எஸ்.பி.ஐ. வழியில் குட்டையான ஒயர்களுடன் இணைத்தால், போர்டுடன் வந்த வெள்ளை அட்டையை இதே போர்டு உடனே படித்துவிடுகிறது. ஆகவே சிப் பழுதாகவில்லை. எஸ்.பி.ஐ. நிரலில் பதிப்பு ரெஜிஸ்டருக்காக அனுப்பும் 238 என்ற பைட்டைத்தான் சீரியலிலும் அனுப்புகிறேன். எங்கே பார்க்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

தாமிரத்தடம்

இதில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தடைகள் இருக்கின்றன. முதல் தடையை நீக்காதவரை இரண்டாவது கண்ணுக்கே தெரியாது.

முதலாவது, சிப்பில் இருக்கும் வசதி போர்டில் வெளியே வந்திருக்கிறதா என்பது. எம்.எஃப்.ஆர்.சி. 522 மின்சாரம் பெறும்போதோ ரீசெட் ஆகும்போதோ இரண்டு பின்களின் நிலையைப் பார்த்து, எந்த இடைமுகத்தில் பேச வேண்டும் என்று முடிவெடுக்கிறது. 1-ஆம் பின்னான ஐ2சி தேர்வுப் பின் உயர்நிலையில் இருந்தால் ஐ2சி என்ற இருகம்பி இடைமுகம். அது தாழ்நிலையிலும் 32-ஆம் பின்னான ஈ.ஏ. உயர்நிலையிலும் இருந்தால் எஸ்.பி.ஐ.; இரண்டுமே தாழ்நிலையில் இருந்தால்தான் யூ.ஏ.ஆர்.டி. பரவலாகக் கிடைக்கும் எட்டுப் பின் போர்டுகளில் 1-ஆம் பின்னைக் கிரவுண்டோடும் 32-ஆம் பின்னை 3.3 வோல்ட்டோடும் போர்டிலேயே இணைத்துவிடுகிறார்கள். வெளியே வரும் எட்டு முனைகளில் இந்த இரண்டும் இல்லை. ஆகவே அந்தப் போர்டு எஸ்.பி.ஐ. மட்டுமே பேசும். எஸ்.டி.ஏ. என்ற பெயரைப் பார்த்து அது ஐ2சி போர்டு என்று நினைப்பவர்களும் உண்டு, எஸ்.பி.ஐ. நிலையில் அந்த முனை வெறும் சிப் தேர்வுப் பின்தான்.

இரண்டாவது, முகவரி பைட்டின் அமைப்பு. எஸ்.பி.ஐ.யில் ரெஜிஸ்டர் முகவரியை ஒரு பிட் இடப்பக்கம் நகர்த்தி, படிப்பதற்கான உச்ச பிட்டைச் சேர்க்க வேண்டும். பதிப்பு ரெஜிஸ்டரின் முகவரி தசம எண்ணில் 55. அதை இரட்டித்து 128-ஐக் கூட்டினால் நீங்கள் சொன்ன 238 வருகிறது. யூ.ஏ.ஆர்.டி.யில் அந்த நகர்த்தல் கிடையாது. 55-உடன் 128-ஐ நேரடியாகக் கூட்டி 183-ஐ அனுப்ப வேண்டும். பதிலாக 145 அல்லது 146 வந்தால் முறையே சிப்பின் முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று பொருள். எழுதும்போது உச்ச பிட் பூச்சியமாக இருக்கும். முகவரி, மதிப்பு என்ற வரிசையில் அனுப்பியதும் சிப் அந்த முகவரியையே எதிரொலியாகத் திருப்பி அனுப்பும். தொடக்க வேகம் 9600 பாட். 31-ஆம் முகவரியில் உள்ள வேக ரெஜிஸ்டரில் 122 என்று எழுதினால் 115200-க்கு மாறும்.

முதல் தடையை நீக்க வேண்டுமானால், 32-ஆம் பின்னிலிருந்து 3.3 வோல்ட்டுக்குச் செல்லும் டிரேஸை (போர்டில் பதித்த தாமிரத் தடத்தை) கண்டுபிடித்து, கூர்மையான கத்தியால் வெட்டி, அந்தப் பின்னை மெல்லிய ஒயரால் கிரவுண்டோடு சேர்க்க வேண்டும். வெட்டுவதற்கு முன் மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து உங்கள் போர்டில் அந்தத் தடம் எப்படிப் போகிறது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். எல்லாத் தயாரிப்புகளும் ஒரே வரைவில் வருவதில்லை.

நிலைமின்

தாமிரத்தடம் சொன்னது சரி. ஆனால் கத்தியை எடுப்பதற்கு முன் மின்னழுத்தத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் யூனோ 5 வோல்ட்டில் இயங்குகிறது. எம்.எஃப்.ஆர்.சி. 522-இன் மின்வழங்கல் வரம்பு 2.5 முதல் 3.6 வோல்ட் வரை. அதன் உள்ளீட்டுப் பின்களுக்கு 5 வோல்ட்டைத் தாங்கும் பாதுகாப்பு இல்லை. நேரடியாக இணைத்தும் வேலை செய்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். சிப்பின் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடுகள் அந்த மிகை மின்னோட்டத்தைச் சுமந்துகொண்டிருக்கும்வரை அது வேலை செய்யும். அதை வடிவமைப்பு என்று நான் ஏற்கமாட்டேன்.

யூனோவின் டி.எக்ஸ். முனையிலிருந்து ரீடரின் ஆர்.எக்ஸ். முனைக்குச் செல்லும் வழியில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகவும், ரீடர் முனையிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் வைத்தால் 5 வோல்ட் ஏறத்தாழ 3.3 வோல்ட்டாகக் குறையும். எதிர்த்திசையில் ரெசிஸ்டர் தேவையில்லை. யூனோவில் உள்ள ஏ.டி.மெகா 328 தன் மின்வழங்கலில் 60 விழுக்காட்டுக்கு மேல் வருவதை உயர்நிலை என்று ஏற்கும்; அதாவது 3.0 வோல்ட். ரீடரின் 3.3 வோல்ட் அதைத் தாண்டுகிறது, ஆனால் மிச்சமிருப்பது வெறும் 0.3 வோல்ட். மேசை மேல் இது போதும். ஆறு மீட்டர் கேபிளின் மறுமுனையில் இந்த இடைவெளியை நம்ப நான் தயங்குவேன்.

இருமம்

எனக்கு இந்த வழியிலேயே உடன்பாடில்லை. அந்தச் சிப்பின் பின்களுக்கிடையே உள்ள தொலைவு 0.5 மில்லிமீட்டர், கால்களே வெளியே தெரியாத சதுர உறை அது. தடம் சிப்பின் அடியில் போயிருந்தால் கத்திக்கு எட்டாது. அவ்வளவும் செய்து யூ.ஏ.ஆர்.டி.யைத் திறந்தாலும் கிடைப்பது ரெஜிஸ்டர்களைத் தொடும் வழி மட்டுமே. அட்டையைத் தேடுவது, பல அட்டைகள் ஒரே நேரத்தில் பேசும் மோதலைத் தவிர்ப்பது, எண்ணைப் பெறுவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் டஜன் கணக்கான ரெஜிஸ்டர் பரிமாற்றங்கள் நடக்கும். 9600 பாட்டில் ஒரு பைட்டுக்குத் தொடக்க பிட், எட்டுத் தரவு பிட், நிறுத்த பிட் எனப் பத்து பிட்டுகள், அதாவது 1.04 மில்லிநொடி ஆகும். எஸ்.பி.ஐ.யில் உணரவே முடியாத தாமதம் இங்கே கூடிக்கொண்டே போகும். பழக்கமான நூலகங்கள் எஸ்.பி.ஐ.யை எதிர்பார்த்து எழுதப்பட்டவை என்பதால் அடித்தளத்தை நீங்களே மாற்றி எழுத வேண்டியும் வரும்.

13.56 மெகாஹெர்ட்ஸ் அட்டைதான் வேண்டும் என்றால் பி.என். 532 போர்டை வாங்குங்கள். பல போர்டுகளில் இரண்டு சிறிய சுவிட்சுகளையும் அணைநிலையில் வைத்தால் அதிவேக யூ.ஏ.ஆர்.டி. கிடைத்துவிடும்; இயல்பான வேகம் 115200. முதலில் 85, 85 என்று தொடங்கிப் பின்னால் சில பூச்சியங்களை அனுப்பி அதை விழிக்கச் செய்ய வேண்டும். பிறகு 0, 0, 255, 2, 254, 212, 2, 42, 0 என்ற ஒன்பது பைட்டுகளை அனுப்பினால் ஃபர்ம்வேர் பதிப்பைக் கேட்டதாகப் பொருள். நான்காவதும் ஐந்தாவதும் சேர்ந்து 256 ஆவதையும், 212, 2, 42 ஆகியவை சேர்ந்து 256 ஆவதையும் கவனியுங்கள். நீளத்துக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று என இரண்டு சரிபார்ப்புகள் இந்தப் பைட்டுத் தொகுப்பான சட்டகத்துக்குள்ளேயே இருக்கின்றன. முதலில் 0, 0, 255, 0, 255, 0 என்ற ஒப்புதல் வரும், அதன் பின்னரே பதில் வரும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: யூனோவின் மென்பொருள் சீரியல் 115200-இல் பெறும்போது பைட்டுகளைத் தவறவிடும். அந்த வேகத்துக்கு வன்பொருள் சீரியல் ஒன்றுக்கு மேல் உள்ள மெகா போன்ற போர்டுதான் ஏற்றது.

அலைவரிசை

அனைவருக்கும் நன்றி. 183 என்ற விளக்கம் டேட்டாஷீட்டில் நான் கவனிக்காமல் கடந்துபோன அட்டவணையைப் புரியவைத்தது. முடிவெடுப்பதற்கு முன் இன்னொரு செய்தியைச் சொல்ல வேண்டும். போர்டுடன் வந்த அட்டை எஸ்.பி.ஐ.யில் படிக்கப்படுகிறது, ஆனால் இந்தக் கதவைப் பயன்படுத்தப்போகிறவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் அட்டைகளை அது கண்டுகொள்வதே இல்லை. அவை சற்றுத் தடிமனான அட்டைகள். ஒன்றின் மேல் 0005386566 என்றும் அதையடுத்து 082,12614 என்றும் அச்சிட்டிருக்கிறது. இவற்றை வேறு அமைப்பில் படிக்க வேண்டுமா?

இருமம்

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அந்த அட்டைகள் அநேகமாக 125 கிலோஹெர்ட்ஸ் வகை, ஈ.எம். 4100 அமைப்பு. எம்.எஃப்.ஆர்.சி. 522, பி.என். 532 ஆகிய இரண்டுமே 13.56 மெகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்பவை. எவ்வளவு நெருக்கமாக வைத்தாலும், எந்த இடைமுகத்தில் இணைத்தாலும் இந்த அட்டைகளைப் படிக்கா. டிரேஸை வெட்டும் பேச்சு இத்துடன் முடிந்தது.

உங்களுக்கு வேண்டியது ஆர்.டி.எம். 6300 போன்ற போர்டு. அதற்குக் கட்டளையே கிடையாது. 5 வோல்ட் கொடுத்து, கம்பிச் சுருளை இணைத்து, அட்டையைக் காட்டினால் டி.எக்ஸ். முனையில் 9600 பாட்டில் 14 பைட்டுகளைத் தானாகவே அனுப்பும். முதல் பைட் 2, கடைசி பைட் 3. இடையில் பத்து ஆஸ்கி எழுத்துகளாக அட்டை எண்ணும், இரண்டு ஆஸ்கி எழுத்துகளாகச் சரிபார்ப்புத் தொகையும் இருக்கும். தொடக்கநிலையாளர்கள் தடுமாறுவது இங்கேதான்: பத்து எழுத்துகள் என்றால் பத்து பைட் தரவு அல்ல, இரண்டிரண்டாகச் சேர்த்துப் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்களாகப் படித்தால் கிடைக்கும் ஐந்து பைட்டுகள்தான் தரவு.

உங்கள் அட்டையையே எடுத்துக்கொள்வோம். அச்சிட்ட 5386566 என்ற எண்ணைப் பதினாறடிமானத்தில் எழுதினால் 00523146. அதில் கடைசி நான்கு இலக்கங்களான 3146-ஐத் தசமத்துக்கு மாற்றினால் 12614. அதற்கு முன்னுள்ள 52-ஐ மாற்றினால் 82. அட்டையில் இரண்டாவதாக அச்சிட்டிருக்கும் 082,12614 இதுதான். ஒரே எண்ணின் இரு உருவங்கள் அவை. போர்டு இதற்கு முன்னால் வெளியீட்டாளர் குறியீடாக இன்னொரு பைட்டையும் அனுப்பும். அது அட்டையில் அச்சாகாது. அது 07 என்று வைத்துக்கொண்டால் வரும் எழுத்துத் தொடர் 0700523146. சரிபார்ப்புத் தொகை என்பது 07, 00, 52, 31, 46 ஆகிய ஐந்தையும் எக்ஸார் (பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒத்திருந்தால் 0 என எழுதுவது) செய்த விடை: 07, பிறகு மீண்டும் 07, பிறகு 55, 64, இறுதியில் 22. ஆக எண்ணைத் தொடர்ந்து 22 என்ற இரண்டு எழுத்துகள் வர வேண்டும். வராவிட்டால் அந்தச் சட்டகத்தைத் தயங்காமல் தூக்கி எறியுங்கள். அட்டை அங்கேயே இருக்கும்வரை போர்டு மறுபடி அனுப்பிக்கொண்டே இருக்கும்.

தாமிரத்தடம்

ஏற்றுக்கொள்கிறேன். 125 கிலோஹெர்ட்ஸ் என்றால் இதுதான் வழி. ஒரே ஒரு எச்சரிக்கை: ஆறு மீட்டரைச் சமாளிப்பதற்காகச் சுருளின் ஒயரை நீட்டி, போர்டை யூனோவின் அருகே வைக்கலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். அந்தச் சுருள் போர்டில் உள்ள கெப்பாசிட்டருடன் சேர்ந்து 125 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிர்வதற்காக அளவிட்டுச் சுற்றப்பட்டது. ஒயரை நீட்டினால் தூண்டலும் தடையும் மாறி, படிக்கும் தூரம் சுருங்கிவிடும். சுருளும் போர்டும் கதவருகே இருக்கட்டும். நீள்வது சீரியல் கம்பியாக இருக்கட்டும். சுருளை இரும்புச் சட்டத்தின் மேல் நேரடியாக ஒட்டுவதும் இதே விளைவைத்தான் தரும்.

நிலைமின்

நீளும் கம்பிக்கு ஆர்.எஸ். 485 என்ற இருகம்பி இணைப்பு முறையைப் பரிந்துரைக்கிறேன். இரு முறுக்குக் கம்பிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைத்தான் பெறுமுனை பார்க்கிறது. 200 மில்லிவோல்ட் வேறுபாடு இருந்தாலே போதும். இரு முனைகளின் கிரவுண்ட் சற்று விலகியிருந்தாலும் கழித்தல் 7 முதல் கூட்டல் 12 வோல்ட் வரை அது பொறுத்துக்கொள்ளும். 5 வோல்ட் முனைகளுக்கு மேக்ஸ் 485, 3.3 வோல்ட் முனைகளுக்கு மேக்ஸ் 3485. இங்கே தரவு ஒரே திசையில் போவதால் ரீடர் பக்கச் சிப்பை எப்போதும் அனுப்பும் நிலையிலும் யூனோ பக்கச் சிப்பை எப்போதும் பெறும் நிலையிலும் கட்டிவைத்துவிடலாம். திசை மாற்றும் நிரல் தேவையே இல்லை.

தாமிரத்தடம்

ஆறு மீட்டருக்கு, 9600 பாட்டுக்கு, ஒரே திசைக்கு ஆர்.எஸ். 485 என்பது மிகை. ஒரு பிட்டின் நீளம் 104 மைக்ரோநொடி. அந்தக் கேபிளின் கொள்ளளவால் விளிம்புகள் மழுங்குவது அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. டி.எக்ஸ். முனையில் 220 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்து, டி.எக்ஸ். ஒயரையும் கிரவுண்ட் ஒயரையும் ஒரே முறுக்கு ஜோடியில் கொண்டுபோனால் போதும். மின்வழங்கலையும் கணக்கிட்டுப் பார்க்கலாம்: ரீடர் எடுப்பது 50 மில்லியாம்பியருக்குள், வலையமைப்புக் கேபிளின் 24 கேஜ் ஒயர் போகவர 12 மீட்டருக்கு ஏறத்தாழ 1 ஓம், இழப்பு 50 மில்லிவோல்ட். அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

நிலைமின்

கணக்கு சரி, அமைதியான அறையில். கதவில் மின்பூட்டு இருக்கிறதா, அதற்கான மின்சாரம் அதே கேபிளில் போகிறதா என்பதுதான் கேள்வி. பூட்டின் மின்னோட்டம் அதே கிரவுண்ட் ஒயரில் திரும்பினால் உங்கள் 1 ஓம் கணக்கு வேறாகிவிடும்: திரும்பும் ஒயர் மட்டுமே அரை ஓம், அதில் அரை ஆம்பியர் பூட்டு கால் வோல்ட் கிரவுண்ட் நகர்வைத் தரும்.

தாமிரத்தடம்

அப்படியானால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பூட்டுக்குத் தனி ஜோடி போட முடிந்தால் நேரடி இணைப்பு, முடியாவிட்டால் ஆர்.எஸ். 485.

ஓரக்கம்பி

இடையே ஒரு கேள்வி. என்னிடமுள்ள சுவர் ரீடரில் பச்சை, வெள்ளை ஒயர்கள் தரவு 0, தரவு 1 என்று குறிக்கப்பட்டிருக்கின்றன. எந்தப் பாட் வேகத்தில் வைத்தாலும் குப்பையாகவே வருகிறது. இதுவும் இதே சிக்கலா?

இருமம்

இல்லை, உங்களுடையது சீரியல் போர்ட்டே அல்ல, வீகண்ட் இடைமுகம். இரண்டு ஒயர்களும் ஓய்வில் உயர்நிலையில் இருக்கும். பூச்சியத்துக்கு ஒரு ஒயரிலும் ஒன்றுக்கு மற்றொரு ஒயரிலும் குறுகிய தாழ்துடிப்பு வரும். பரவலான 26 பிட் வடிவத்தில் முதல் பிட் இரட்டைச் சமனி (பிழையைக் காட்டும் சரிபார்ப்பு பிட்), அடுத்த 8 பிட் நிறுவனக் குறியீடு, அடுத்த 16 பிட் அட்டை எண், கடைசி பிட் ஒற்றைச் சமனி. மேலே பேசிய அட்டையில் அச்சிட்ட 082,12614 என்ற பிரிப்பு இந்த 8, 16 பிட் பங்கீட்டோடு பொருந்துகிறது. இரு ஒயர்களையும், மாற்றம் வந்த கணமே நிரலுக்குச் சொல்லும் இன்டரப்ட் பின்களில் இணைத்துத் துடிப்புகளை எண்ணுங்கள். பாட் வேகத்துக்கு அங்கே வேலையில்லை. ஒயரின் நிறத்தை மட்டும் நம்பாமல் ரீடரின் கையேட்டைப் பாருங்கள். ஆர்.எஸ். 232 என்று எழுதியிருந்தால் அது மூன்றாவது வகை: ஓய்வுநிலையில் கழித்தல் மின்னழுத்தம் இருக்கும், நேரடியாக மைக்ரோகண்ட்ரோலரில் செருகினால் பின் போய்விடும். ஓய்வில் மல்டிமீட்டர் 5 அல்லது 3.3 காட்டுகிறதா, கழித்தல் 5-க்கும் கீழே காட்டுகிறதா என்று இணைப்பதற்கு முன்பே அளந்தால் இந்த ஐயம் தீர்ந்துவிடும்.

அலைவரிசை

ஆர்.டி.எம். 6300 போர்டை இணைத்துவிட்டேன். மேசையில் உடனே பேசியது. எண் 0700523146, சரிபார்ப்பு 22 என்று, இருமம் எடுத்துக்கொண்ட 07 உட்பட அப்படியே வந்ததில் எனக்கே வியப்பு. இப்போது ஆறு மீட்டர் கேபிளில், பூட்டுக்குத் தனி ஜோடியோடு, நேரடி இணைப்பில் இயங்குகிறது. இரண்டு குறைகள் மீதமிருக்கின்றன. அட்டையைச் சற்று நேரம் பிடித்திருந்தால் அடுத்தடுத்த சட்டகங்களில் சரிபார்ப்பு தோற்கிறது. பூட்டு திறந்து மூடும் கணத்திலும் சில சமயம் தவறான பைட்டுகள் வருகின்றன. கதவு திறந்ததும் நிரல் மூன்று நொடி டிலே செய்கிறது (வேறெதுவும் செய்யாமல் காத்திருக்கிறது) என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இருமம்

முதல் குறைக்கு அந்த டிலேதான் காரணம். வந்த பைட்டுகளைப் படிக்கும்வரை சேர்த்துவைக்கும் மென்பொருள் சீரியலின் பெறும் இடையகம் 64 பைட். 14 பைட் சட்டகங்கள் நான்கு முழுதாகவும் ஐந்தாவது அரைகுறையாகவும் அதில் அடங்கும், பிறகு வருபவை தொலையும். டிலே முடிந்து படிக்கும்போது அந்த அரைகுறைச் சட்டகத்தின் வாலில் புதிய சட்டகத்தின் நடுப்பகுதி ஒட்டிக்கொள்கிறது. டிலேயை எடுத்துவிட்டு, பூட்டைத் திறந்த நேரத்தைக் குறித்துவைத்து, மில்லிநொடிக் கணக்கை ஒப்பிட்டு மூடுங்கள். படிக்கும் பகுதி, 2 என்ற பைட் எப்போது வந்தாலும் முந்தையதைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். 12 எழுத்துகளுக்குப் பின் 3 வந்தால் மட்டுமே சரிபார்ப்புக்கு அனுப்ப வேண்டும். எண்ணும் எழுத்துகளும் ஆஸ்கியில் இருப்பதால் 2, 3 ஆகிய பைட்டுகள் தரவுக்குள் வரவே முடியாது என்பது இங்கே பெரும் வசதி. அதே எண் ஓரிரு நொடிக்குள் மறுபடி வந்தால் புறக்கணியுங்கள்.

நிலைமின்

இரண்டாவது குறைக்குப் பூட்டின் சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடு வையுங்கள்: 1 என். 4007 போதும், நேர்மின் பக்கம் கோடு இருக்கும் முனை வர வேண்டும். அதைப் பெட்டியில் உள்ள ரிலேயின் அருகே வைக்காமல் பூட்டின் முனையிலேயே வைத்தால், அணைக்கும்போது எழும் உயர் மின்னழுத்தம் கேபிளுக்குள் வராது. பூட்டு நேர்மின்னோட்டத்தில் இயங்கினால் மட்டுமே இது பொருந்தும். மாறுமின்னோட்டப் பூட்டென்றால் டயோடு குறுக்குச் சுற்றாகிவிடும், அதற்கு மிகை மின்னழுத்தத்தை உறிஞ்சும் வேரிஸ்டர் வேண்டும். ரீடரின் 5 வோல்ட் முனையில் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றையும் சேருங்கள். ஸ்விட்சிங் வகை மின்வழங்கலின் இரைச்சல் 125 கிலோஹெர்ட்ஸுக்கு அருகே விழுந்தால் படிக்கும் தூரமே பாதிக்கப்படும்.

இவற்றோடு, அந்த அட்டைகளின் எண்ணில் மறைக்குறியீடு எதுவும் இல்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அட்டை மேலேயே அச்சிட்டிருக்கும் எண் அது, டி 5577 போன்ற எழுதக்கூடிய அட்டையில் யாரும் நகலெடுத்துவிடலாம். உள்ளே விலைமதிப்புள்ள பொருள் இருந்தால் எண் விசைப்பலகை ஒன்றையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

அலைவரிசை

பூட்டு நேர்மின்னோட்ட வகைதான். டயோடை அதன் முனையிலேயே சால்டர் செய்து, டிலேயை நீக்கி, 2 வந்தால் புதிதாகத் தொடங்கும்படி நிரலை மாற்றியிருக்கிறேன். சரிபார்ப்புப் பிழைகளை எண்ணும் ஒரு மாறியையும் வைத்திருக்கிறேன். பூட்டைத் தொடர்ந்து இயக்கிப் பார்த்தும் அது பூச்சியத்திலேயே நிற்கிறது. விசைப்பலகையை இதே யூனோவில் சேர்ப்பது பற்றித் தனி இழையில் கேட்கிறேன்.